டீசல் பெட்டி மேல் ஏற்றிய சூடம்

அன்று காலை நான் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது முனிரத்தினம் படகைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரில் இல்லை, டீசலில். பனியன் வேஸ்ட்டை, அதுதான் கிழிசல் துணியை, ஒரு கை அள்ளி, டீசலில் முக்கி, என்ஜின் மூடியைத் தேய்த்தால் ஆறு மாத அழுக்கும் நழுவிக்கொண்டு வந்துவிடும். உள்ளே இருக்கும் மஞ்சள் பெயின்ட் புதுசாக மின்னும். ஆயுத பூசை என்றால் பெங்களூரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இப்படித்தான் மிஷினைத் துடைப்பார்கள். அன்றைக்கு அடுகோடிப் பக்கம் நடந்துபோனால் தெரு முழுக்க டீசலும் சாமந்தியும் கலந்து மணக்கும்.

"பாருங்கக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி கீறா. ஒரு சேலையைச் சுத்திட்டா உங்க விவேக் நகர்லயே மாப்ள பாத்துடலாம்," என்றார்.

"முதல்ல அந்த வேஸ்ட்டைக் கண்ட இடத்துல போடாதீங்க. டப்பால போட்டு மூடி வைங்க," என்றேன்.

அவர் சிரித்தார். காலையில் என் வாயிலிருந்து வணக்கம் வராது, அதட்டல்தான் வரும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று மதியத்துக்குள் அந்தச் சிரிக்கிற மனிதரின் வலது கை வெந்துபோனது. அதில் என் பங்கு என்ன என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இந்த வாரம் இந்தத் தொடரில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோர்கீப்பரம்மா

படகு என்றதும் குடும்பத்தோடு ஏறி, வேர்க்கடலை தின்றுகொண்டே சுற்றிவருகிற படகை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது களை அறுக்கிற படகு. முன்னால் பல் பல்லாக வெட்டுகிற கத்தி. அடுத்து, வெட்டிய ஆகாயத்தாமரையை மேலே இழுத்துவருகிற பெல்ட். கடைசியில் டீசல் என்ஜினும் ஓட்டுகிறவரின் சீட்டும்.

ஏரி ஓசூர் ரோட்டுப் பக்கம். பெயர் வேண்டாம், அங்கே இன்றும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஏரியை மூடிக்கிடந்த களையை எடுக்க ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி இந்தப் படகை இறக்கியிருந்தது. அதை ஓட்டியவர் முனிரத்தினம். ஸ்ரீராம்புரத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். அதற்குமுன் குப்பை லாரி ஓட்டியவர்.

நான் கரையில், தகரக் கொட்டகையில், ஸ்டோர்கீப்பர். டீசல், கிரீஸ், பெல்ட், நட்டு போல்ட்டு எல்லாம் என் சாவிக்கொத்துக்குள். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கு வருமுன் அடுகோடியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற கடையில் பத்து வருடத்துக்கு மேல் ஸ்டோர் பார்த்தேன். டீசலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றது. வாயும் அங்கேதான் நீண்டது. ஆம்பளைகள் நிறைந்த கடையில் பொம்பளை மெதுவாகப் பேசினால் ஒரு ஸ்பேனர்கூட திரும்பி வராது.

குடிதண்ணீர் கேனில் டீசல்

நான் சேர்ந்த முதல் வாரம் படகில் ஏறிப் பார்த்தேன். முனிரத்தினத்தின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடிதண்ணீர் கேன். அதன் வாயில் பாலிதீன் கவரை வைத்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. உள்ளே முழுக்க, கழுத்துவரை டீசல். நடு ஏரியில் டேங்க் காலியானால் ஊற்றிக்கொள்ளவாம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கேன். அதில் குடிக்கிற தண்ணீர்.

"எதுல எது இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மோந்து பாத்தா தெரியும்க்கா."

களை இறக்குகிற ஆள் ஒருவர் ஏற்கெனவே மோந்து பார்க்காமல் ஒரு மடக்கு குடித்திருந்தார். மூன்று நாள் ஏப்பம் விட்டால் லாரி வாசனை வந்ததாம். அதைச் சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே சட்டம் போட ஆரம்பித்தேன். டீசலுக்குக் கெட்டியான நீலக் கேன், திருகு மூடி. அதில் முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. வெயிலில் டீசல் உப்பும், கழுத்துவரை ஊற்றினால் கேன் பிதுங்கி மூடிவழியே கசியும். நிரப்புவதெல்லாம் கரையில், படகில் இல்லை. என்ஜின் சூடாக இருக்கும்போது டேங்க்கைத் திறக்கக்கூடாது. ஊற்றும்போது துணி வைத்து வடிகட்ட வேண்டும், ஏரி ஈரத்தில் டீசலோடு தண்ணீர் சேர்ந்து என்ஜினைப் பாழாக்கிவிடும். சிந்தினால் போட ஒரு மூட்டை மரத்தூள். துடைத்த வேஸ்ட்டுக்கு மூடி போட்ட தகர டப்பா. டீசல் சும்மா இருந்தால் லேசில் பற்றாது. பஞ்சிலோ துணியிலோ ஊறிவிட்டால் திரி மாதிரி பற்றிக்கொள்ளும்.

கேனை வைக்க அடுகோடியில் ஓர் இரும்புப் பெட்டி செய்யச் சொன்னேன். புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம், படகின் பின்மூலையில் அதை வெல்டிங் வைத்துப் பொருத்தினார்கள். உள்ளே கேன் ஆடாமல் இருக்க பெல்ட்டு. மேலே கனமான மூடி.

"டீசலுக்கு வீடு கட்டிக் குடுத்துட்டீங்க. எனக்கு எப்போ?" என்று முனிரத்தினம் கேலி செய்தார்.

ஆனால் செய்தார். ஒன்றுகூட விடாமல் செய்தார். அதற்குக் காரணம் என் அதட்டல் இல்லை என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் ஒருமுறை அவர் அவசரத்தில் படகிலேயே டீசல் ஊற்றியதில், ஒரு சொம்பு அளவு ஏரியில் சிந்திவிட்டது. அந்த ஒரு சொம்பு எவ்வளவு தூரம் பரவியது என்று பார்த்திருந்தால்தான் நம்புவீர்கள். படித்துறைவரை தண்ணீர் மேல் வர்ணம் வர்ணமாக ஓடியது. மறுநாள் அந்த மூலையில் ஜிலேபி மீன் குஞ்சுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வலை போடுகிறவர் ஒருவர் கரையில் நின்று கன்னடத்தில் திட்டித் தீர்த்தார்.

முனிரத்தினம் குனிந்து, செத்த குஞ்சுகளைக் கையாலேயே பொறுக்கினார். "இனிமே ஒரு சொட்டு விழாதுக்கா," என்றார். நான் விடவில்லை. அதற்கப்புறம் தினமும் படகு கிளம்பும்போது "ஏரியில ஒரு சொட்டு விழக்கூடாது" என்று கத்துவேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கிக் காட்டுவார்.

முந்தின வருடத்துப் பேச்சு

அந்தப் படகில் சமதளமான இடம் என்று ஒன்றுதான் இருந்தது. அந்த டீசல் பெட்டியின் மூடி. டிபன் பாக்ஸைத் திறப்பதும் அதன்மேல்தான், ஆயுத பூசைக்குச் சாமி படம் வைப்பதும் அதன்மேல்தான்.

நான் சேர்ந்தபின் வந்த முதல் ஆயுத பூசையில், எல்லாம் அடுக்கி, பூசணிக்காயில் குங்குமமும் தடவியாகிவிட்டது. அப்போது நான் போய், "உள்ளே டீசல் இருக்கு, கேனை எடுத்துக் கரையில வச்சிட்டுத்தான் சூடம் கொளுத்தணும்" என்று நின்றேன். படத்தை எடுத்து, பூவை எடுத்து, தட்டை எடுத்து, பெட்டியைத் திறந்து, கேனை இறக்கி, எல்லாவற்றையும் மறுபடி அடுக்குவதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் காத்திருந்துதான் பூசை நடந்தது. வடையெல்லாம் ஆறிப்போனது.

அந்த மாதம் பார்த்தா பெல்ட் இரண்டு முறை அறுந்து தொலைய வேண்டும்?

கொட்டகைக்கு வெளியே களை இறக்குகிறவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "அந்தம்மா வேற ஆளுங்கப்பா. நம்ம பூசைன்னா அவங்களுக்கு ஆகாது. அதான் நேரத்தைக் கெடுத்துட்டாங்க."

முனிரத்தினம் அவர்களைத் திட்டினார். அதுவும் கேட்டது. ஆனால் எனக்கு முதலில் சொன்னதுதான் மனதில் நின்றது. வியாழக்கிழமை தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிறவள் நான், சரி. அதற்காக அடுத்தவன் சாமி கும்பிடுவதைக் கெடுக்கிறவளா? அடுகோடிக் கடையில் ஒவ்வொரு வருடமும் பூசைப் பொரியையும் கடலையையும் வாங்கி என் மகளுக்குக் கொண்டுபோனவள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அடுத்த வருடம் பூசை நாளில் வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். வைராக்கியம் என்று இப்போது நாசூக்காகச் சொல்கிறேன். அது வீம்பு.

அவர் கேட்டார்

அடுத்த வருடமும் வந்தது. ஆரம்பத்தில் சொன்ன அந்தக் காலை.

வாழைக்கன்று கட்டி, சாமந்திச் சரத்தைப் பெட்டியைச் சுற்றி இழுத்துக் கட்டி, மேலே படமும் தட்டும் வைத்தாயிற்று. சைட் இன்ஜினியர் வந்திருந்தார். மைசூர்ப் பக்கத்து இளைஞர், நல்லவர்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பேக மாடி முனிரத்னா, ராகுகால பந்துபிடத்தே," என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மற்றவர்கள் கரையில் பூசணிக்காயை யார் உடைப்பது என்று வம்பு பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

நான் படகில் ஓரமாக நின்றேன். முனிரத்தினம் என் பக்கம் நகர்ந்து வந்து, ஒரு கையால் படத்தையும் தட்டையும் பிடித்தபடி பெட்டி மூடியை நாலு விரல் தூக்கிக் காட்டினார். உள்ளே நீலக் கேன். அதன் பக்கத்தில் காலையில் துடைத்த வேஸ்ட்டு, ஈரத்தோடு திணித்திருந்தது. டப்பா கரையில் இருந்ததால் அவசரத்துக்குப் பெட்டியிலேயே அமுக்கியிருந்தார்.

"அக்கா, கேன எடுத்துக் கரையில வச்சிரட்டுமா? அஞ்சு நிமிசத்துல மறுபடி அடுக்கிடறேன்," என்று மெதுவாகக் கேட்டார்.

யாருக்கும் கேட்காதபடிதான் கேட்டார். போன வருடம் என்னைப் பேசினார்கள் என்பதற்காக, இந்த வருடம் தானே முந்திக்கொண்டார். பழி தன்மேல் போகட்டும் என்றுதான்.

நான் கேனையும் பார்த்தேன், வேஸ்ட்டையும் பார்த்தேன். எது எப்படிப் பற்றும் என்று அந்த ஏரிக்கரையில் என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கரையிலிருந்து இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தம்மா மறுபடி ஆரம்பிச்சுட்டா என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"வேண்டாம் முனிரத்தினம். ஒரு நிமிஷ வேலைதானே. கொளுத்துங்க," என்றேன்.

அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். மூடியை இறக்கினார். திணித்த வேஸ்ட்டின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் மூடி சரியாக உட்காரவில்லை. ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதையும் பார்த்தேன்.

பத்தடிப் பலகை

சூடம் ஏற்றினார்கள். தட்டில் ஒரு கொத்தாக நன்றாகவே எரிந்தது. ஆரத்தி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் படகில் ஏறினார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. தட்டு வழுக்கியது. எரிகிற சூடக்கட்டி ஒன்று உருண்டு, மூடியின் ஓரத்தில் நின்று, அந்த இடைவெளிக்குள் விழுந்தது.

முதலில் கறுப்பாகப் புகை வந்தது. அப்புறம் சாமந்திச் சரம் பற்றியது. எல்லோரும் தண்ணீரில் குதித்தார்கள், இன்ஜினியர் உட்பட. இடுப்பளவு தண்ணீர்தான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் எப்படிக் கரைக்கு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

முனிரத்தினம் மட்டும் குதிக்கவில்லை. காலால் மூடியை உதைத்துத் திறந்தார். எரிகிற வேஸ்ட்டு கேனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. கேனின் தோள் இளக ஆரம்பித்திருந்தது. பெல்ட்டை அவிழ்த்து, கைப்பிடியைப் பிடித்துக் கேனை வெளியே இழுத்தார்.

"தண்ணிலே எறிங்க! எறிங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் எறியவில்லை. படகுக்கும் கரைக்கும் நடுவே பத்தடி நீளப் பலகை ஒன்று போட்டிருக்கும். அதன்மேல் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கைப்பிடி உருகி அவர் விரல்மேல் ஒழுகுவதைப் பார்த்தேன். கரையில் இருந்த மணல் குவியல்வரை போய், கேனை அதில் சாய்த்து, இடது கையால் மணலை வாரி வாரிப் போட்டார். தீ அணைந்தது. அப்புறம்தான் அவர் கத்தினார்.

படகில் பெட்டியும் சீட்டும் கருகியதோடு போயிற்று. ஏரியில் ஒரு சொட்டு டீசல்கூட விழவில்லை.

ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்டு மருந்து மயக்கத்தில் கிடந்தவரிடம், "ஏன் எறியலை? எறிஞ்சிருந்தா கை தப்பிச்சிருக்குமே," என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"ஏரியில எப்படிக்கா எறியறது?" என்றார். நான் ஏதோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டது போல.

விசாரணை

இரண்டு வாரம் கழித்து கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் பேப்பரோடு வந்தார். தகரக் கொட்டகையிலேயே விசாரணை. முனிரத்தினம் தொட்டில் கட்டின கையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் என் மேஜைக்குப் பின்னால்.

டீசல் உள்ளே இருக்கும்போது சூடம் ஏற்ற யார் சொன்னது என்று கேட்டார்.

நான் சொல்லத்தான் நினைத்தேன். இதை இப்போது எழுதினால் யார் நம்புவார்கள்? வாயைத் திறக்குமுன் முனிரத்தினம் முந்திக்கொண்டார்.

"மேடம் பேடா அந்தித்ரு சார். நானே மாத்து கேளலில்ல."

மேடம் வேண்டாமென்றுதான் சொன்னார்கள், நான்தான் பேச்சைக் கேட்கவில்லை. அவர் சொன்னதைப் பெரியவர் எழுதிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, அப்படித்தானா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

வெளியே வந்ததும், "ஏன் முனிரத்தினம் இப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"எனக்கு இந்தக் கையில இனி லீவர் புடிக்க முடியாதுக்கா. என் வேலை எப்படியும் போயாச்சு. உங்க வேலையும் எதுக்குப் போகணும்? பாப்பா படிச்சிக்கினு இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

நான் அதற்கப்புறமும் பல வருடம் அங்கே வேலை பார்த்தேன். மகள் படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆயிற்று. புது ஆட்களுக்குச் சட்டம் சொல்லும்போதெல்லாம், "பேச்சைக் கேக்காம கையைச் சுட்டுக்கிட்ட ஒரு ஆள் இருந்தார்" என்று யாராவது எனக்குத் துணைக்கு வருவார்கள். நான் மறுத்ததில்லை.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பங்குச் சாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார். கேட்டேன் சாமி, அவர் விடுங்கக்கா என்றுவிட்டார் என்றேன். "சரி, அவர் வீட்டுக்காரங்ககிட்ட உண்மையைச் சொன்னீங்களா?" என்றார். இல்லை சாமி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கோமதியின் காபி

ஸ்ரீராம்புரத்தில் அவர்கள் வீடு ஒரே அறை. முனிரத்தினம் இப்போது ஓர் அபார்ட்மென்டில் வாட்ச்மேனாகக் கேட்டில் உட்காருகிறார். வலது கையில் மூன்று விரல் மடங்காது. சட்டைப் பொத்தானை அவர் மனைவி கோமதிதான் போட்டுவிட வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போவேன். போனால் கோமதி காபி போட்டுக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"நீங்க அவ்ளோ சொன்னீங்களாமேக்கா, கேன எடுய்யான்னு. கேட்டாரா? யார் பேச்சத்தான் கேட்டாரு இந்த ஆளு? ஊருக்கே தெரியும், தானா தேடிக்கினது."

இத்தனை வருடமாக அவள் அவரைத் திட்டுவது இதைச் சொல்லித்தான். பொத்தான் போடும்போது, சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனைத் தேடும்போது, பிள்ளைகள் முன்னால், சம்பந்தி வீட்டார் முன்னால்கூட. விசாரணையில் சொன்ன பொய்யை அவர் வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறார். கடைசியாக நான் போனபோதும் அவள் சொன்னாள். அவர் தலையைக் குனிந்து, இடது கையால் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "ஆறிடும், குடிங்கக்கா," என்றார்.

நான் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று கோமதியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். இதைவிட வெட்கக்கேடான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

இந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து வாராவாரம் எனக்குப் போன் செய்கிறவள் கோமதிதான். பத்திரிகை வந்ததும், அவர் டியூட்டி முடிந்து சாப்பிட உட்காரும்போது, சத்தமாகப் படித்துக் காட்டுவாளாம். எங்க கதை எப்பக்கா வரும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

கோமதி, வந்துவிட்டது. இந்நேரம் அவர் போதும் நிறுத்து என்று சொல்லியிருப்பார். நிறுத்தாதே, இன்னும் நாலு வரிதான். உன் புருஷன் அன்றைக்கு யார் பேச்சையும் மீறவில்லை. கேனை எடுத்துக் கரையில் வைத்துவிடட்டுமா என்று என்னிடம் வந்து கேட்டார். வேண்டாம், கொளுத்துங்கள் என்று சொன்னவள் நான்.